கணிதத்திற்குச் சொல் வகுத்த அல் குவாரிஸ்மி

நமது பாடசாலைகளில் இடைநிலை வகுப்பை எட்டும் மாணவன் கணித பாடத்தில் முதன்முதலாகச் சந்திப்பது எண்களின் கடினத்தை அன்று, சொற்களின் கடினத்தையே. கோவை, உறுப்பு, குணகம், சமன்பாடு, தெரியாக்கணியம், வர்க்கமூலம், அட்சரகணிதம் என்று அடுக்கடுக்காக வரும் சொற்களின் பொருள் விளங்காதபோது, கூட்டவும் கழிக்கவும் நன்கறிந்த பிள்ளையும் தனக்குக் கணிதம் வராது என்று முடிவு கட்டிவிடுகின்றது. கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளம் வாவியின் கரைகளிலும் மீன்பிடியையும் உப்பளத்தையும் நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள், நிறுவையும் விலையும் பங்கும் வீட்டிலேயே கற்றுக்கொண்டவர்கள். சந்தையில் மனக்கணக்கில் தவறாத அதே பிள்ளை வகுப்பறையில் தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவாக இருக்க முடியாது. வாழ்விலுள்ள கணக்கிற்கும் நூலிலுள்ள சொல்லுக்கும் இடையில் விழுந்த இடைவெளியே காரணமாகும்.

அந்த இடைவெளியைச் சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, கணிதத்தை மக்களின் அன்றாட மொழியில் எழுதிக்காட்டிய பேரறிஞர் முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி ஆவார். உலக மொழிகள் பலவற்றில் அட்சரகணிதத்தைக் குறிக்கும் அல்ஜிப்ரா என்ற சொல் இவரது நூலின் பெயரிலிருந்து பிறந்தது. இன்று கணினி உலகை இயக்கும் அல்கோரிதம் என்ற சொல்லோ இவரது பெயரே இலத்தீன் நாவில் திரிந்து உருவானது.

அல் குவாரிஸ்மி கி.பி. 780ஆம் ஆண்டளவில் பிறந்தவர் என்று கொள்ளப்படுகின்றது. ஆரல் கடலுக்குத் தெற்கே, இன்றைய உஸ்பெகிஸ்தானைச் சார்ந்த குவாரஸ்ம் பிரதேசமே அவரது பெயரில் ஒட்டியிருக்கின்றது. அங்கேயே பிறந்தார் என்று ஒரு சாராரும், முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள், அவர் பிறந்தது பக்தாதை அடுத்த ஊரில் என்று மற்றொரு சாராரும் கருதுவர். எவ்வாறாயினும் அவருடைய அறிவு வாழ்வு முழுவதும் பக்தாத் நகரிலேயே மலர்ந்தது.

762இல் கலீபா மன்சூரினால் நிறுவப்பட்ட அந்நகரம் அரபியர், பாரசீகர், கிறிஸ்தவர், யூதர், இந்தியர் எனப் பல இனத்தாரும் அறிவுத் தேட்டத்தில் ஒன்றுகூடிய இடமாக விளங்கியது. 813 முதல் 833 வரை ஆட்சி செய்த கலீபா மஃமூன் காலத்தில் பைத்துல் ஹிக்மா எனப்பட்ட அறிவகம் உச்ச நிலையை எய்திற்று. கிரேக்கம், சுரியானி, பாரசீகம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளின் நூல்கள் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்ட காலம் அது. பிறமொழி அறிவைத் தம்மொழியில் சொல்வதற்கு எந்தச் சொல்லைத் தேர்வது என்ற வினா அன்றைய அறிஞர் ஒவ்வொருவர் முன்னும் நின்றது. அல் குவாரிஸ்மி தம் காலத்தின் அந்த வினாவிற்கு அளித்த விடையே அவருடைய நூல்கள்.

மஃமூனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அவரது தலைசிறந்த நூல், அல்ஜப்ர், அல்முகாபலா ஆகிய இரு செயல்களைப் பற்றிய கணக்கு நூலாகும். வாரிசுப் பங்கீடு, மரண சாசனம், வழக்கு, வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு நாளாந்தம் தேவைப்படும் கணக்கை எளிதாக்குவதே தமது நோக்கம் என்று அவர் முன்னுரையில் தெளிவுபடுத்துகின்றார். அறிஞருக்கு மட்டுமன்றி, காழிக்கும் வணிகருக்கும் நில அளவையாளருக்கும் பயன்படவேண்டும் என்ற எண்ணம் அந்நூல் முழுவதும் ஓடுகின்றது.

அந்நூலில் இன்றைய மாணவரை வியக்கவைக்கும் செய்தி ஒன்றுண்டு. அட்சரகணிதத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவரது நூலில், அறியாத தொகையைக் குறிக்க ஓர் அட்சரமேனும் இல்லை. எக்ஸ், வை என்ற எழுத்துகள் இல்லை. கூட்டல், கழித்தல், சமன் ஆகிய குறிகளும் இல்லை. எண்கள்கூடச் சொற்களாலேயே எழுதப்பட்டுள்ளன. அறியப்படாத தொகையை அவர் ஷைஉ, அதாவது பொருள், என்று அழைத்தார். அதுவே தன்னால் தான் பெருக்கப்படும்போது ஜித்ர், அதாவது வேர், எனப்பட்டது. அப்பெருக்கத்தால் வரும் வர்க்கத்திற்கு மால், அதாவது செல்வம், என்று பெயரிட்டார். கடைத்தெருவில் எவரும் அறிந்த சொற்கள் இவை. நாம் வர்க்கமூலம் என்று சொல்லும்போது மூலம் என்பதும் வேரையே குறிக்கின்றது என்பதை எத்தனை மாணவர்க்கு எடுத்துரைத்திருக்கின்றோம்?

அல்ஜப்ர் என்பதற்கு நிறைவாக்குதல், குறைந்ததைச் சீர்செய்தல் என்று பொருள். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபு மொழியில் அச்சொல் வழங்கியது. ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவு வைத்தியருக்கு அல்ஜெப்ரிஸ்தா என்ற பெயர் நெடுங்காலம் நிலவியதும் இதனாலேயாம். அல்முகாபலா என்பது நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுதல்.

இவ்விரு செயல்களையும் நமது சூழலில் வைத்துப் பார்ப்போம். ஒருவர் தம்மிடமிருந்த பணத்தில் மூன்றிலொரு பங்கை வலை வாங்கவும், மேலும் 2000 ரூபாவைக் கடன் தீர்க்கவும் கொடுத்தபின் 6000 ரூபா எஞ்சியது எனின், முதலில் இருந்த தொகை யாது? மூன்றில் இரண்டு பங்கிலிருந்து 2000 குறைந்து நிற்கின்றது. அக்குறையை நிரப்பினால் மறுபுறமும் 2000 ஏறி, மூன்றில் இரண்டு பங்கு 8000 ஆகின்றது. இவ்வாறு நிரப்புவதே அல்ஜப்ர். விடை 12,000 ரூபா. இனி, மூன்று மூடை உப்புடன் ஐந்து கிலோ சேர்ந்தால் அது ஒரு மூடையுடன் பதினேழு கிலோவுக்குச் சமன் என்க. இருபுறமும் பொதுவாகவுள்ள ஒரு மூடையையும் ஐந்து கிலோவையும் எதிரெதிரே வைத்து நீக்கினால், இரண்டு மூடை பன்னிரண்டு கிலோ. ஒரு மூடை ஆறு கிலோ. இதுவே அல்முகாபலா. தராசைப் பிடித்துப் பழகிய கைக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை.

இருபடிச் சமன்பாடுகளை அவர் விளக்கிய முறை இன்னும் அழகானது. ஒரு வர்க்கத்துடன் அதன் பத்து மூலங்களைச் சேர்த்தால் 39 வரும் எனின் மூலம் எவ்வளவு என்பது அவர் தந்த புகழ்பெற்ற கணக்கு. ஒரு சதுரம் வரைக. பத்து மூலங்களை இரண்டாகப் பிரித்து, ஐந்து அகலமுள்ள இரு செவ்வகங்களாகச் சதுரத்தின் இரு பக்கங்களில் ஒட்டுக. அப்போது மூலையில் ஐந்துக்கு ஐந்து அளவில் ஓர் இடம் வெறுமையாக நிற்கும். அந்த 25ஐ நிரப்பினால் மொத்தம் 64 ஆகிப் பெரிய சதுரம் முழுமை பெறும். அதன் பக்கம் 8. அதிலிருந்து ஐந்தைக் கழித்தால் மூலம் 3. வர்க்கத்தை நிறைவாக்கல் என்று நம் பிள்ளைகள் சூத்திரமாக மனனம் செய்வது, உண்மையில் கண்ணால் காணத்தக்க ஒரு மூலையை நிரப்பும் செயலேயாகும்.

நூலின் பிற்பகுதியில் பெரும்பங்கு வாரிசுப் பங்கீட்டிற்கு உரியது. புனித குர்ஆன் விதித்த பங்குகளைப் பின்னங்களாகக் கொண்டு, கடன், மரண சாசனம், வாரிசுகளின் எண்ணிக்கை ஆகியன சேரும்போது எழும் சிக்கல்களை அவர் ஒவ்வொன்றாக விடுவிக்கின்றார். மனைவியையும் ஒரு மகனையும் இரு மகள்மாரையும் விட்டு ஒருவர் இறக்க, கடன் நீங்கலாக எட்டு இலட்சம் ரூபா பெறுமதியான படகும் வலையும் எஞ்சின எனின், மனைவிக்கு எட்டிலொன்றாகிய ஓர் இலட்சம். மிகுதி ஏழு இலட்சத்தில் மகனுக்கு மூன்றரை இலட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்றே முக்கால் இலட்சம். இலங்கையில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இத்தகைய பங்கீடு இன்றும் நடைமுறையிலுள்ளது. பின்னமும் விகிதமும் விளங்காத ஒரு விதவை தன் பங்கு குறைந்தாலும் அறியமாட்டாள். கணிதச் சொல் அறியாமை பரீட்சைப் புள்ளியோடு நின்றுவிடும் நட்டமன்று. அது உரிமையையும் பறிக்கும்.

அல் குவாரிஸ்மியின் மற்றொரு பெரும்பணி இந்திய எண்முறையைப் பற்றியது. பிரம்மகுப்தர் 628இல் இயற்றிய வானநூலின் கருத்துகள் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்தாதை அடைந்து, சிந்துஹிந்து என்ற பெயரில் அரபு வடிவம் பெற்றன. அம்மரபைத் தழுவி அல் குவாரிஸ்மி வானியல் அட்டவணைகளை வகுத்தார். ஒன்பது இலக்கங்களாலும் பூச்சியத்தாலும் எந்த எண்ணையும் எழுதும் முறையைத் தனி நூலாகவும் விளக்கினார். அதன் அரபு மூலம் மறைந்துவிட்டது. இலத்தீன் வடிவமே எஞ்சியுள்ளது. இவ்வறிவு இந்தியருக்கு உரியது என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அவரது நேர்மை போற்றுதற்குரியது.

சொற்கள் மொழிவிட்டு மொழி பயணம் செய்த விந்தையும் இங்கேயே தொடங்குகின்றது. சமஸ்கிருதத்தில் சூனியம் எனப்பட்டது அரபியில் சிஃப்ர் ஆகி, ஐரோப்பாவில் சைபர் எனவும் சீரோ எனவும் இரு வடிவம் கொண்டது. வில்லின் நாணைக் குறித்த ஜீவா என்ற சொல் அரபியில் ஜீபா என எழுதப்பட்டு, பின்னர் மடிப்பு எனப் பொருள்படும் ஜைப் என வாசிக்கப்பட்டு, இலத்தீனில் சைனஸ் என்று பெயர்க்கப்பட்டது. நம் பிள்ளைகள் திரிகோண கணிதத்தில் படிக்கும் சைன் அதுவே. வட்டத்தின் நாண், வில் என்று தமிழில் நாம் வழங்கும் சொற்களில் அந்தப் பழைய உவமை சிதையாமல் இருக்கின்றது.

இவை தவிர, 2402 இடங்களின் அகலாங்கு நெட்டாங்குகளைத் தரும் புவியியல் நூலையும், யூத நாட்காட்டி பற்றிய நூலையும் அவர் எழுதினார். தொலமியின் நூல் மத்தியதரைக் கடலின் நீளத்தை மிகைப்படுத்தியிருந்ததை அவர் திருத்தினார். சுமார் 850இல் அவரது வாழ்வு முடிவுற்றது. மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1145இல் செஸ்டர் நகரத்து ரொபேர்ட் ஸ்பெயினில் அவரது அல்ஜப்ர் நூலை இலத்தீனில் பெயர்த்தார். அதன் வழியே ஐரோப்பா அட்சரகணிதம் கற்றது. 1831இல் பிரெட்ரிக் ரோசன் அரபு மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார்.

அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்து அக்கலை தமிழ் நூலாகவும் உருப்பெற்றது. வட்டுக்கோட்டை செமினரியில் கற்று, அங்கேயே கற்பித்த கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழில் அட்சரகணித நூலை வெளியிட்டார். பின்னர் சுதேச மொழிக் கல்வி இந்நாட்டில் வேரூன்றிய காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொல் தொகுதிகளை உருவாக்கியது. தமிழ்நாட்டில் இயற்கணிதம், வடிவியல், ஆரம், கணம் என வழங்குபவை நம்மிடம் அட்சரகணிதம், கேத்திரகணிதம், ஆரை, தொடை என நிலைத்தன. இணையத்தில் தமிழகக் காணொளிகளைப் பார்த்துப் பயிலும் இன்றைய மாணவர் இவ்வேறுபாட்டால் குழம்புவதையும் ஆசிரியர்கள் கவனத்திற் கொள்ளவேண்டும். இரு வழக்குகளையும் அருகருகே எழுதிச் சுவரில் தொங்கவிட அதிக செலவு பிடிக்காது.

சொற்களை வரவேற்றுத் தமதாக்கிக்கொள்வது புத்தளக் கரைக்குப் புதியதன்று. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய பத்தாலா புத்தளமே என்பர். அங்கே தம்மை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொண்டதாக அவர் பதிவு செய்துள்ளார். தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் வளர்த்த சமூகம் நம்முடையது. தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தமிழ் புளூட்டாக் என்ற பெயரில் 1859இல் நூலாக்கிய சைமன் காசிச்செட்டி கற்பிட்டியில் பிறந்தவர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, உடுத்த உடையுடன் இக்கரையில் தஞ்சமடைந்த குடும்பங்கள் பிள்ளைகளின் கல்வியையே மீளும் வழியாகப் பற்றிக்கொண்டன.

க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டாய பாடமாகவுள்ள கணிதத்தில் ஒரு பிள்ளை தோற்பதற்கு விதை பல ஆண்டுகள் முன்னதாக, ஆறாம் ஏழாம் தரங்களில், விளங்காத ஒரு சொல்லில் விழுகின்றது. அங்கே ஆசிரியர் ஐந்து நிமிடம் நின்று, சமன்பாடு என்றால் தராசு, மூலம் என்றால் வேர், குணகம் என்றால் எத்தனை மடங்கு என்று சொல்லிவிட்டால் அத்தோல்வியைத் தடுக்கலாம். அட்சரகணிதம் என்ற பெயரைக் கேட்டு எழுத்துகளே கணிதம் என்று மிரளும் பிள்ளைக்கு, அக்கலையை உலகுக்களித்தவர் ஓர் எழுத்தையும் பயன்படுத்தாமல், கடைத்தெருவின் சொற்களால் அதை விளக்கினார் என்ற வரலாற்றைக் கூறவேண்டும். பெயர் சூட்டிய மண்டபங்களையும் நினைவு முத்திரைகளையும் விட, அல் குவாரிஸ்மிக்கு நாம் செலுத்தக்கூடிய மேலான நன்றிக்கடன் அதுவேயாகும்.