போர்முனையிலிருந்து வந்த தீர்வு

பொதுச் சார்பியல் கோட்பாட்டின் சமன்பாடுகளை ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1915 நவம்பர் 25 அன்று பெர்லினில் முழு வடிவில் முன்வைத்தார். தோராயமான விடைகளே அப்போது அவர் கையில் இருந்தன. ஒரு மாதம் முடியும் முன்பே, டிசம்பர் 22 அன்று, முதல் துல்லியமான தீர்வை விளக்கி அவருக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர், ஜெர்மானியப் படையில் போர்ப்பணியில் இருந்த கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு.

1873-இல் பிராங்பர்ட் நகரின் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், பதினாறு வயதிலேயே இரட்டை விண்மீன்களின் பாதை குறித்து எழுதியவர். 1900-இல், வெளி வளைந்திருக்கக்கூடுமா என்ற கேள்வியை விண்மீன்களின் தொலைவைக் கொண்டு ஆராய்ந்தார். 1909-இல் போட்ஸ்டாம் வானியற்பியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். 1914-இல் போர் மூண்டபோது நாற்பதைக் கடந்திருந்தும், தாமாகவே முன்வந்து படையில் சேர்ந்தார். பெல்ஜியத்தில் வானிலையைக் கணித்தார்; பிரான்சில் குண்டுகளின் பாதையைக் கணக்கிட்டார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. பேரண்டத்தில் கோள வடிவான ஒரே ஒரு பொருள் மட்டும் தனித்திருந்தால், அதைச் சுற்றியுள்ள காலவெளி எவ்வாறு வளையும்? அருகில் வளைவு மிகுதி. விலக விலக அது தணிந்து, வெகு தொலைவில் காலவெளி தட்டையாகிவிடும். உண்மையில் எந்த விண்மீனும் முற்றிலும் தனித்திருப்பதில்லை. ஆயினும் விண்மீன்களுக்கிடையே உள்ள தொலைவு மிகப் பெரிது என்பதால், இக்கற்பனை சூரியனுக்கு நன்கு பொருந்துகிறது. புதனின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 வில்நொடி கூடுதலாகத் திரும்புவதற்கான விளக்கம் இத்தீர்விலிருந்து நேராகவே கிடைத்தது. 1916 ஜனவரியில் ஐன்ஸ்டைனே அதைப் பிரஷ்ய அறிவியல் கழகத்தில் முன்வைத்தார்.

அத்தீர்வில் ஓர் எல்லையும் மறைந்திருந்தது. சூரியனின் நிறை முழுவதும் ஏறத்தாழ 3 கி.மீ. ஆரத்துக்குள் அடங்கினால், அதிலிருந்து ஒளியும் வெளியேறாது. அதுவே கருந்துளையின் எல்லை என்பது தெளிவாக அரை நூற்றாண்டு ஆயிற்று.

அதைக் காண அவர் இல்லை. போர்க்களத்தில் பற்றிய கொடிய தோல்நோயால், 1916 மே 11 அன்று தம் 42-ஆம் வயதில் மறைந்தார். அப்போது மகன் மார்ட்டினுக்கு நான்கு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அந்த மகனும் வானியலாளரானார். ஆனால் தந்தை உயிரைக் கொடுத்த நாட்டில், யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. 1936-இல் வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் புகழ்பெற்றார். தனக்காக உயிர்நீத்தவரின் பிள்ளையையே அந்நியனாக்கிய தேசம், அவனோடு தன் அறிவுச் செல்வத்தையும் இழந்தது.