உட்ரோ வில்ஸன்

1856-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் போதகர் ஒருவர்க்கு மகனாய்த் தோன்றிய வில்ஸன், பாலப்பருவத்திலேயே உள்நாட்டுப் போரின் கொடுமையைக் கண்ணுற்றார். தந்தையார் ஊழியஞ்செய்த ஆலயமே காயமுற்றோர்க்கு மருத்துவமனையாயிற்று. ஆதலின், 1914-இல் ஐரோப்பாவில் போர் மூண்டபோது, குடியரசுத் தலைவராயிருந்த அவர் தம் நாட்டை நடுநிலையில் நிறுத்தியமை வியப்பன்று. ஆயினும், அமெரிக்க வாணிபமும் கடனும் பெரும்பாலும் நேசநாடுகளின்பாற் சென்றன. 1915-இல் ஜெர்மானிய நீர்மூழ்கி லூஸிட்டானியாக் கப்பலை அமிழ்த்த, 128 அமெரிக்கர் மாண்டனர். அப்போதும் அவர் வாளெடாது கண்டன ஓலையே விடுத்தார். 1917-இல் ஜெர்மனி நடுநிலையார் கலங்களையும் எச்சரிக்கையின்றித் தாக்கத் தொடங்கிற்று. மெக்ஸிக்கோவைத் துணைக்கழைத்த அதன் மறைவோலையும் வெளிப்பட்டது. ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்கா போரிற் புகுந்தது. பின்னர்ச் சர்வதேச சங்கங் காண உழைத்து நலிந்து, 1924-இல் மறைந்தார். அமைதியை உளமார விரும்பியவர் கையிலும் நடுநிலை சிறிதுசிறிதாய்த் தேய்ந்ததை நாம் காண்கின்றோம்.