மீன் கண்ணுக்குள் வழி தேடிய சித்திரக்காரர்

திருக்கோவில் கரையில் மீன் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அதன் கண்ணைத்தான். தெளிந்திருந்தால் புதுமீன், கலங்கியிருந்தால் பழசு. அந்தக் கண்ணுக்குள் விழும் ஒளி எந்த வழியாக மூளைக்குப் போகிறது என்பதைக் கலம் கலமாக வரைந்து காட்டியவர், ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ ரமோன் இ கஹால்.

1852 இல் பிறந்தார். தகப்பன் வைத்தியர், மகனும் வைத்தியராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பையனுக்கோ சித்திரப் பைத்தியம். (நம்மூரிலும் இந்தச் சண்டை நடக்காத வீடுகள் குறைவு.) படிப்பு ஏறாத மகனை முடி திருத்துபவரிடமும் சப்பாத்துத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டுப் பார்த்தார். கடைசியில் மனித எலும்புகளை வரைய வைத்துத்தான் அவரை மருத்துவத்துக்குள் இழுக்க முடிந்தது. இராணுவ வைத்தியராகக் கியூபா போனவர் மலேரியாவோடு திரும்பினார்.

1887 இல், இத்தாலியரான கொல்கி கண்டுபிடித்த வெள்ளிச் சாய முறையைப் பார்த்தார். அது சில நரம்புக்கலங்களை மட்டும் முழுதாகக் கறுப்பாக்கும். ஆனால் வளர்ந்த மூளை அடர்ந்த காடு. கிளை எது, வேர் எது என்று பிரிக்க முடியாது. கஹால் குஞ்சுகளையும் கருவில் உள்ளவற்றையும் எடுத்தார். சாயத்தில் இரண்டு தடவை ஊற வைத்தார். அடுத்த வருடமே சொந்தக் காசில் ஒரு சஞ்சிகை அச்சிட்டு, பறவைகளின் விழித்திரையைப் பற்றி எழுதினார்.

நரம்புகள் ஒட்டிப் பின்னிய வலை என்று கொல்கி நம்பினார். கஹால் கண்டது தனித்தனிக் கலங்கள். விழித்திரை அவருக்கு இன்னொன்றும் சொன்னது. செய்தி எங்கே தொடங்குகிறது என்பது அங்கே சந்தேகமில்லாத விடயம்: ஒளியை வாங்கும் கலத்தில். அங்கிருந்து நடுக்கலம், பிறகு மூளைக்கு நார் அனுப்பும் கலம். ஆகவே, கிளைகளால் வாங்கி நீண்ட நாரால் கொடுப்பதே நரம்புக்கலத்தின் வேலை என்று கணித்தார். தன் படங்களில் அம்புக்குறிகளும் போட்டார்.

1889 இல் கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு பேர்லினுக்குப் போனார். அங்கே முதுபெரும் அறிஞர் கோலிக்கர் நுணுக்குக்காட்டியில் பார்த்து அவர் பக்கம் சாய்ந்தார். 1893 இல் மீன், தவளை, பல்லி, பறவை, பாலூட்டி எல்லாவற்றின் விழித்திரைகளையும் பற்றிய பெரிய ஆய்வு வந்தது.

1906 இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. கொல்கி தன் நோபல் உரையிலும் கஹாலின் கொள்கையை மறுத்தார்!

1915 இல் பூச்சிகளின் கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்புகளை ஆராய்ந்தபோது, அவற்றின் நுட்பம் கஹாலையே திகைக்க வைத்தது. 1934 இல் இறந்தார். கலங்களுக்கிடையே இடைவெளி உண்டென்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டி 1950களில் நேரடியாகக் காட்டியது. 2024 இல் ஒரு பழ ஈயின் மூளை முழுவதும் வரைபடமானது. ஏறத்தாழ 1,40,000 நரம்புக்கலங்கள். பாதிக்கு மேல் பார்வைக்கானவை.