நைட்டிங்கேல் அம்மையார்

திரிகூட மலையினின்று இழியும் குற்றால அருவிநீர் நோயால் நலிந்தார்க்கு நலம் பயக்கும் என்பது தென்பாண்டி நாட்டார் நெடுநாளாகக் கொண்டுள்ள நம்பிக்கை. சாரற் காலத்தில் பல ஊர்களினின்றும் மக்கள் அங்கு வந்து தங்குவர். அந்நீர் சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடிப் பொருநையிற் கலக்கிறது. மலைமேல் தெளிந்திருந்த நீரில் ஊர்க்கழிவு வந்து கலக்குமாயின், நலம் தந்த நீரே நோய் தரும் நீராகிவிடும். மருத்துவமனையின் நிலையும் இத்தகையதே. நோய் தீர்க்க அமைத்த மனையே நோயைப் பெருக்கும் மனையாதலும் உண்டு. இவ்வுண்மையைப் பல்லாயிரவர் உயிர்துறந்த ஓரிடத்தில் பணிபுரிந்து அறிந்து, உலகம் ஏற்குமாறு எண்களால் நிறுவிய பெருமாட்டி பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் ஆவர்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே திங்கள் 12ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரிற் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவர்க்குப் பெயராயிற்று. பெற்றோர் செல்வம் மிக்க ஆங்கிலேயர். தந்தையார் தாமே ஆசிரியராக அமர்ந்து மகளுக்குப் பல மொழிகளையும் வரலாற்றையும் கற்பித்தார். கணக்கில் அவருக்கு இளமையிலேயே ஆர்வம் மிகுதி. நோயாளர்க்குத் தொண்டு செய்தல் வேண்டும் என்று அவர் விழைந்தபோது, குடும்பத்தார் உடன்படவில்லை. செவிலியர் தொழில் அக்காலத்தில் இழிவாகக் கருதப்பட்டது. ஆயினும் அம்மையார் தம் உறுதி தளராது, 1851ஆம் ஆண்டில் செருமனி நாட்டுக் கைசர்சுவர்த்து என்னும் ஊரில் பயிற்சி பெற்றார். 1853ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் பெண்டிர்க்குரிய சிறு மருத்துவமனை ஒன்றன் கண்காணிப்பாளர் ஆனார்.

ஆங்கு அவர் வேண்டிய திருத்தங்கள் சிறியனவே. எனினும் கருதத் தக்கன. நோயாளி மணியடித்தால், அடித்தவர் எவர் என்பதைச் செவிலி பார்த்தவுடன் அறியும்படி மணியின் அடைப்பு திறந்தே நிற்றல் வேண்டும் என்றார். மேல்தளங்களுக்கு வெந்நீர் குழாய் வழியே செல்லவும், உணவு பொறியின் மூலம் ஏறவும் ஏற்பாடு கேட்டார். இவை இல்லையேல் செவிலி படியேறி இறங்கும் இரு கால்களாகவே ஆகிவிடுவாள் என்பது அவர் கருத்து. கால் ஓய்ந்தவளுக்குக் கண்ணும் ஓயுமன்றோ?

கிரீமியப் போர் 1853 முதல் 1856 வரை நிகழ்ந்தது. காயமுற்ற ஆங்கிலப் படைவீரர் கான்சுடாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள சுகுடாரிக்குக் கப்பலிற் கொண்டுவரப்பட்டனர். 1854 நவம்பர் 4ஆம் நாள் அம்மையார் 38 பெண்டிருடன் அங்குச் சென்று சேர்ந்தார். படைமருத்துவர்கள் அவர்களை விரும்பவில்லை. தொண்டு செய்யத் துடித்துவந்த பெண்களை அம்மையார் அடக்கி நிறுத்தினார். மருத்துவர் அழைத்தாலன்றி ஒருவரும் நோயாளியிடம் செல்லலாகாது என்று பணித்தார். கண்ணெதிரே வீரர் வருந்தக் கட்டுத்துணி தைத்துக்கொண்டு காத்திருத்தல் எளிதன்று. ஆயினும் ஆணையின்றி ஊட்டும் உணவும் சிலர்க்கு ஊறு செய்யும் என்பதனை அவர் அறிந்திருந்தார். சில நாளில் காயமுற்றோர் கூட்டங்கூட்டமாக வந்து குவியவே, மருத்துவர்கள் தாமே உதவி வேண்டினர்.

இரவில் மருத்துவமனை அடங்கிய பின், அம்மையார் கையில் விளக்குடன் படுக்கைதோறும் சென்று பார்த்துவருவார். ஓவியர்கள் அவ்விளக்கை அகல்போல வரைந்துவிட்டனர். அவர் ஏந்தியது மடித்து விரிக்கத்தக்க துருக்கியக் கூண்டு விளக்கேயாகும்.

இத்துணைப் பாடுபட்டும் இறப்புக் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அங்கு மருத்துவம் பெற்றாருள் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். காயத்தால் மாண்டவர் சிலர். வாந்திபேதி, சீதபேதி, காய்ச்சல் ஆகியவற்றால் மாண்டவரே பலர். மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்தினின்று வந்த சுகாதாரக் குழுவினர், கட்டடத்தின்கீழ்க் கழிவு தேங்கிக் கிடப்பதையும், நீர் வரும் வழியில் குதிரையொன்று செத்துக் கிடப்பதையும் கண்டனர். சாக்கடைகள் தூய்மையாயின, காற்று வர வழி செய்யப்பட்டது. சூன் திங்களில் இறப்பு நூற்றுக்கு 2 என்னும் அளவிற்கு இறங்கிற்று.

நாடு திரும்பியபோது மக்கள் அவரைத் தெய்வம்போற் போற்றினர். புகழை விரும்பாது அவர் கணக்கேடுகளுடன் அமர்ந்தார். பட்டினியும், நோயாளரைக் காலந்தாழ்த்து அனுப்பியதுமே இறப்புக்குக் காரணம் என அவர் முதலில் எண்ணியிருந்தார். வில்லியம் பார் என்னும் கணக்கறிஞருடன் 1857ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, தாம் கண்விழித்துக் காத்த மனையின் தூய்மைக்கேடே வீரர் பலரைக் கொன்றது என்பது விளங்கிற்று. இதனினும் கொடிய செய்தி ஒரு செவிலிக்கு வேறென்ன வேண்டும்? அதனை அவர் மறைக்கவில்லை. 1858ஆம் ஆண்டில், தடுத்திருக்கத்தக்க நோயால் இறந்தோர், காயத்தால் இறந்தோர், பிறவற்றால் இறந்தோர் என மூவண்ணத்தில் வட்டப்படம் வரைந்து ஆள்வோர்க்குக் காட்டினார். அவ்வாண்டிலேயே இலண்டன் புள்ளியியற் கழகத்தின் முதற் பெண் உறுப்பினரும் ஆயினார்.

கெட்ட காற்றே நோய்க்கு முதல் என அவர் நெடுங்காலம் கருதினார். நுண்ணுயிர்களே காரணம் என்பது பின்னரே நிறுவப்பட்டது. எனினும் கழிவை அகற்றுதல், கையை அடிக்கடி கழுவுதல் என அவர் கூறிய முறைகள் பிழைபடவில்லை.

செவிலித்தொழில் பற்றி அவர் எழுதிய நூல் சிறியது. அதன் ஒரு பகுதி உற்றுநோக்கலைப் பற்றியது. நோயாளி நன்றாக உறங்கினாரா என்று மருத்துவர் வினவினால், ஆம் என்று மட்டும் கூறுதல் போதாது. எத்தனை நாழிகை உறங்கினார், எப்போது விழித்தார் என்று கூறல் வேண்டும். தட்டில் வைத்த உணவின் அளவன்று, உண்ட அளவே கணக்கு. தான் இல்லாதபோதும் வேலை தவறாது நடக்கும்படி ஏற்பாடு செய்பவளே பொறுப்புடைய செவிலி என்பதும் அவர் கொள்கை. தென்காசி அரசு மருத்துவமனையிலாயினும் வேறெவ்வூர் மருத்துவமனையிலாயினும், இரவுக் கடமை முடிக்கும் செவிலி காய்ச்சலின் அளவையும் மருந்து கொடுத்த நேரத்தையும் தாளிற் குறித்து, காலையில் வருபவரிடம் ஒப்படைப்பதை மாணவர் கண்டிருத்தல் கூடும். அக்குறிப்பில் ஒரு வேளை மருந்து விடுபட்டால், அடுத்தவர் அம்மருந்தை மீண்டும் கொடுத்துவிட நேரும். அதனால் உயிருக்கே இடர் வருதலும் உண்டு.

1860ஆம் ஆண்டில் இலண்டன் தூய தாமசு மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. உடல் நலிந்து பெரும்பாலும் படுக்கையிலிருந்தே பணியாற்றிய அம்மையார், இந்தியாவுக்கு ஒருபோதும் வந்தாரல்லர். ஆயினும் இந்நாட்டுப் படைநிலையங்கள் பலவற்றுக்கும் வினாத்தாள் அனுப்பி, நீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே செல்கிறது என்று கேட்டறிந்தார். அந்நாளில் ஆங்கிலப் படைவீரருள் ஆண்டுக்கு ஆயிரவருக்கு 69 பேர் இங்கு இறந்தனர் என்பதை 1863ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்திற்று. பின்னர் நம் சிற்றூர்களின் குடிநீர், பாசனம், பஞ்சம் ஆகியவற்றைப் பற்றியும் இடையறாது எழுதிவந்தார். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று.

முதுமையில் அம்மையார் கண்ணொளி இழந்தார். 1907ஆம் ஆண்டில் ஆங்கில அரசின் உயர்விருதை முதன்முதற் பெற்ற பெண்மணியும் அவரே. 1910 ஆகஸ்டு 13ஆம் நாள், தம் 90ஆம் வயதில் உயிர்நீத்தார். பேரரசர் துயிலும் வெசுடுமினிசுடர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும், அவர் விருப்பப்படி உறவினர் அதனை மறுத்துவிட்டனர். சிற்றூர் ஒன்றன் கல்லறையில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த நாளும் மறைந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.