அம்மா உடல் வயிற்றுப் பிள்ளையை ஏன் விரட்டுவதில்லை? 1953-ல் கேள்வி எழுப்பிய பீட்டர் மெடவர் யார்?

படவேடு, ஆரணி பக்கம் ஒருவருக்குக் கிட்னி மாற்று ஆபரேஷன் என்றால் உடனே நினைவுக்கு வருவது வேலூர் சிஎம்சி. 1971-லேயே அதை வெற்றிகரமாகச் செய்த மருத்துவமனை. பெற்ற அம்மாவே கிட்னி கொடுத்தாலும், உடம்பு அதை ஏற்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையைப் பிள்ளை தொடர்ந்து போடணும். ஆனா அதே பிள்ளையைப் பத்து மாசம் சுமந்தபோது அம்மா எந்த மாத்திரையும் போடலையே? இத்தனைக்கும் பிள்ளையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது.

இதை அறிவியல் கேள்வியாக்கியவர் பீட்டர் மெடவர். 1915-ல் பிரேசிலில் பிறந்தவர். அப்பா லெபனானைச் சேர்ந்தவர், அம்மா ஆங்கிலேயர். ஆக்ஸ்போர்டில் படித்தது விலங்கியல்.

இரண்டாம் உலகப்போரில் அவர் வீட்டருகே ஒரு விமானம் விழுந்தது. உடல் கருகிய விமானிக்குப் பிறர் தோலை ஏன் ஒட்ட முடியவில்லை என்று தேடத் தொடங்கினார். கிளாஸ்கோவில் தீக்காயமடைந்த ஒரு பெண்ணுக்கு அவரது சகோதரரின் தோலை வைத்தபோது சில நாளில் அழிந்தது. அதே சகோதரரின் தோலை மறுபடி வைத்தால் இன்னும் சீக்கிரம் அழிந்தது. அதாவது, உடம்பு 'ஞாபகம்' வைத்துத் தாக்குகிறது!

அப்படியானால் கரு எப்படித் தப்புகிறது? 1953-ல் வெளியான கட்டுரையில் மூன்று யூகங்களை வைத்தார். தாய்க்கும் கருவுக்கும் நடுவே தடுப்பு இருக்கலாம். கரு முதிராததால் அடையாளம் தெரியாமல் இருக்கலாம். தாயின் எதிர்ப்பு சக்தி மந்தமாகலாம். 1960-ல் அவருக்கு நோபல் கிடைத்தது, ஆனா இதுக்கில்லை. பிறப்பதற்கு முன்பே அந்நிய செல்களைச் சந்தித்த எலி, பிறகு அதே வகைத் தோலை ஏற்கும் என்று நிரூபித்ததற்காக. 1969-ல் பக்கவாதம் தாக்கிய பின்னும் எழுதிக்கொண்டே இருந்தார். 1987-ல் இறந்தார).

அவர் யூகங்கள் முழு விடை இல்லை. கர்ப்பிணியின் எதிர்ப்பு சக்தி தூங்கிவிடுவதில்லை. கருப்பையின் உள்சுவர்தான் அதன் வேலையை மாற்றுகிறது. அங்கே குவியும் 'இயற்கைக் கொல்லி' செல்கள், பேருக்கு மாறாக, கருவைத் தாக்காமல் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களை அகலப்படுத்த உதவுகின்றன. நஞ்சுக்கொடி செல்களும் எச்எல்ஏ-ஜி என்ற புரதத்தைக் காட்டி அவற்றை அமைதிப்படுத்துகின்றன.

இந்தக் குழாய்கள் சரியாக அகலாமல் போவது ப்ரீ-எக்லாம்ப்சியாவோடு தொடர்புடையது. கர்ப்பத்தில் பிபி எகிறி, தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகும் பிரச்சினை அது. ஒவ்வொரு செக்கப்பிலும் நர்ஸ் பிபி பார்ப்பது அதைக் கண்டுபிடிக்கத்தான்.