கூகுள் மேப்புக்கு 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ‘லொகேஷன்’ பட்டியல்: யார் இந்த தாலமி?

மேப் ஆப்பில் ஊர்ப் பெயரை டைப் செய்தால் நொடியில் புள்ளி வந்து நிற்கிறது. உள்ளே நடப்பது என்ன? பெயருக்கு எதிரே அட்சரேகை, தீர்க்கரேகை என இரண்டு எண்கள் உள்ள பட்டியலில் தேடுகிறது, அவ்ளோதான். இப்படியொரு பட்டியலை கி.பி. 2-ம் நூற்றாண்டிலேயே போட்டு வச்சவர் கிளாடியஸ் தாலமி.

ரோமானியர் ஆண்ட எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்தவர், கிரேக்கத்தில் எழுதியவர். பூமியைச் சூரியன் சுற்றுகிறது என்ற அவரது வானியல் கணக்கு, கோப்பர்நிக்கஸ் வரும்வரை சுமார் 1,400 ஆண்டுகள் கோலோச்சியது.

படம் வேண்டாம், எண் போதும்

அப்போது வரைபடத்தைக் கையால்தான் பிரதி எடுக்கணும். ஒவ்வொரு பிரதியிலும் கடற்கரை கொஞ்சம் நகரும். போகப்போக ஊரே இடம் மாறிடும். எண்களை எழுதிவைத்தால் யார் வேண்டுமானாலும் புதிதாக வரையலாம் என்பது தாலமியின் தீர்வு. அவரது ‘ஜியாகிரபி’ நூலில் சுமார் 8,000 இடங்கள். மதுரை, கொற்கை, காவிரிப்பூம்பட்டினம், முசிறியும் உண்டு!

எங்கே சறுக்கினார்?

வானத்தை அளந்து இடம் குறித்த ஊர்கள் மிகச் சில. மற்றவை வணிகர்களும் மாலுமிகளும் சொன்ன பயணக் கணக்கு. எல்லாம் ஒரே அளவு துல்லியம் இல்லை என்று தாலமியே எச்சரித்திருந்தார். ஆனால் பட்டியலில் எது அளந்தது, எது கேள்விப்பட்டது என்று தெரியாது. எல்லாமே ஒரே மாதிரி எண்கள்தான்.

பூமியின் சுற்றளவையும் குறைவாகவே எடுத்துக்கொண்டார். இந்தியாவின் தீபகற்ப வடிவமே தட்டையாகிப்போனது. இலங்கை பல மடங்கு பெரிதானது. 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூல் லத்தீனுக்குப் போனதும், ஐரோப்பா அந்த எண்களை நம்பி வரைபடங்கள் வரைந்தது. 1492-ல் கொலம்பஸ், ஆசியா பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி மேற்கே கிளம்ப, இந்தச் ‘சின்ன பூமி’யும் ஒரு காரணம்.

இன்றைய ஆப்களுக்கு என்ன பாடம்?

கதவு எண் கிடைக்காதபோது தெருவின் நடுவிலோ, பின்கோடு பகுதியின் மையத்திலோ புள்ளி வைக்கும் ஆப்கள் உண்டு. அதையும் சரியான முகவரி மாதிரியே காட்டினால், ஆம்புலன்ஸ் தப்பான தெருவில் நிற்கும். தோராயம் என்றால் தோராயம் என்று திரையிலேயே தெரியணும். போனில் நம் நீலப் புள்ளியைச் சுற்றித் தெரியும் வெளிர் வட்டம் அதைத்தான் சொல்கிறது: இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறீர்கள். தாலமியின் பட்டியலில் இல்லாமல் போனது அந்த வட்டம்தான்.