உறைந்த வாயுக்களை அளந்த டிராவர்ஸ்

பழவேற்காடு ஏரியை அடுத்த காட்டுப்பள்ளி போன்ற மீனவ ஊர்களில் மீனைப் பனிக்கட்டியிட்டுப் பெட்டிகளில் அடுக்குவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். நீர் பூச்சியம் பாகையில் உறையும். உறைந்தது நீரில் மிதக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவாக ஆர்கான் என்னும் மந்த வாயு கலந்துள்ளது. அதுவும் உறையும், ஆனால் பூச்சியத்திற்குக் கீழே 189 பாகை வரை குளிர்விக்க வேண்டும். உறைந்த ஆர்கான் தன் திரவத்தில் மிதவாது, மூழ்கும். இத்தகைய விந்தைப் பொருள்களை அளக்க முற்பட்ட முன்னோடிகளுள் ஒருவர், பின்னாளில் நம் அண்டை நகராகிய பெங்களூரில் ஒரு பெருங்கழகத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர் என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

மாரிஸ் வில்லியம் டிராவர்ஸ் 1872 சனவரி 24-இல் இலண்டனில் பிறந்தார். அந்நகரின் யூனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் ராம்சேயின் உதவியாளராக அமர்ந்தார். கண்ணாடிக் குழாய்களை ஊதி உருவாக்குவதில் கைதேர்ந்தவர்.

1898-ஆம் ஆண்டு மே இறுதியில் ஆசிரியரும் மாணவரும் திரவக் காற்றைச் சிறிது சிறிதாக ஆவியாக்கி, எஞ்சியதில் கிரிப்டானைக் கண்டனர். மறுநாள் டாக்டர் பட்டத் தேர்வு இருப்பதையே டிராவர்ஸ் மறக்கத் தலைப்பட்டாராம். (இதனைத் தேர்வுக்கால மாணவர்கள் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டா!) அடுத்த சில வாரங்களில் நியானும் செனானும் கிட்டின.

நியானுடன் ஹீலியம் கலந்தே நின்றது. அதனைப் பிரிக்கத் திரவ ஹைட்ரஜன் வேண்டும். அதனை 1898-இல் முதன்முதல் உண்டாக்கிய டீவாருக்கும் ராம்சேக்கும் இணக்கமில்லை. எனவே டிராவர்ஸ் தாமே அதற்கான பொறியைச் சமைத்தார். திரவ ஹைட்ரஜனின் கொதிநிலை பூச்சியத்திற்குக் கீழே 253 பாகை. நியான் உறைவதோ 249 பாகையில். அக்குளிரில் நியான் திண்மமாகப் படிந்தது. ஹீலியம் வாயுவாகவே வெளியேறியது. நான்கு பாகை இடைவெளியில் நிகழ்ந்த இப்பிரிப்பே அன்னாரது திறத்திற்குத் தலையாய சான்று என்பது நம் கருத்து.

ஆர்கான் முதலியவற்றின் உருகுநிலை, கொதிநிலை, ஆவியழுத்தம் ஆகியவற்றை இருவரும் அளந்து 1901-இல் வெளியிட்டனர். பின்வந்தோர் அவ்வளவுகளைத் திருத்தினர். இன்று கிரிப்டானுக்கு 157, செனானுக்கு 112 பாகை எனக் கொள்கிறோம், இரண்டும் பூச்சியத்திற்குக் கீழே. திண்ம ஆர்கானில் அணுக்கள், கடையில் குவித்த ஆரஞ்சுப் பழங்கள்போல் நெருங்கி அடுங்கியுள்ளன என்பதை 1920-களில் எக்ஸ் கதிர்கள் காட்டின. குளிரால் மட்டும் உறையாத ஹீலியத்தை அழுத்தமும் சேர்த்து 1926-இல் லைடன் நகரில் கீசம் உறையச் செய்தார்.

1904-இல் வேதியியல் நோபல் பரிசு ராம்சேக்கு மட்டும் வழங்கப்பட்டது. இஃது டிராவர்ஸுக்கு உரிய நீதியாகுமா என நாம் ஐயுறுகிறோம்.

ஜம்ஷெட்ஜி டாட்டா கனவு கண்ட ஆய்வுக் கழகத்திற்குப் பெங்களூரே ஏற்ற இடம் என முன்னரே பரிந்துரைத்தவர் ராம்சே. அதன் இயக்குநராக 1906-இல் டிராவர்ஸ் வந்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்கியது. கட்டடம், ஆய்வுக்கூடம், ஆசிரியர் நியமனம் யாவும் அவர் தோளில் விழுந்தன. 1911 சூலையில் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். இன்றும் அவ்வூரார் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' எனவே அதனை வழங்குவர்.

ஆனால் கழகத்தின் நோக்கம், இயக்குநரின் அதிகாரம் பற்றி ஆட்சிக் குழுவினரோடு பூசல் வளர்ந்தது. யார் பக்கம் நியாயம் எனத் தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. ஆய்வில் செலவிட்டிருக்கக்கூடிய நடுவயது ஆண்டுகள் கோப்புகளில் கரைந்தன என்பது மட்டும் உண்மை. 1914-இல் தாயகம் திரும்பினார். போர்க்காலத்தில் ஆய்வுக்கூடக் கண்ணாடி செய்யும் தொழிலை நடத்தினார். இளமையில் கற்ற கைத்தொழில் கைகொடுத்தது.

1928-இல் மந்த வாயுக்களின் கண்டுபிடிப்பு வரலாற்றை நூலாக்கினார். தம் ஆசிரியர் ராம்சேயின் வாழ்க்கை வரலாற்றை 1956-இல் வெளியிட்டபோது அன்னாருக்கு வயது எண்பத்து நான்கு. 1961 ஆகஸ்டு 25-இல் இயற்கை எய்தினார்.